காலில் ரத்தக் கட்டி: குழாய் விட்டு எடுக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் வீங்கியது, டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள், ‘ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது, டி.வி.டி.’ என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டாக்டர் மாத்திரை போதும் என்கிறார். இன்னொருவர் கேத் லேபுக்கு, அதாவது ரத்தக் குழாய்க்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறைக்கு, கொண்டுபோய்க் கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது இது. பொதுவான விளக்கம்தான், உங்கள் ஸ்கேனைக் கையில் வைத்துப் பார்த்தவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.

ரத்தம் கட்டியிருக்கிறது என்றால் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. கெண்டைக்காலில் மட்டும் உள்ள கட்டிக்கும், முழங்காலுக்குப் பின்னாலும் தொடையிலும் நிற்கும் பல கட்டிகளுக்கும் உறைதடுப்பு மருந்தே முதல் வைத்தியம். பலருக்கு அதுவே முழு வைத்தியமும். ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் எல்லாம் இந்த வகைதான். கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கு ஆபத்தாவதைத் தடுக்கும் முக்கிய ஆயுதம் இவைதான். ‘கட்டியை எடுத்துவிட்டால் நுரையீரல் பயம் போய்விடும்’ என்று நினைத்து ஒப்புக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். எடுப்பதன் முதல் நோக்கம் அது அல்ல. காலைப் பிற்காலத்துக்குக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

மருந்து சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடாதா?

மருந்து கரைக்காது. புதிதாக உறைவதை நிறுத்தும், இருப்பது வளராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கரைக்கும் வேலையை உடம்பே பிளாஸ்மின் என்ற நொதியைக் கொண்டு செய்கிறது. சின்னக் கட்டியைக் காலப்போக்கில் கரைத்துவிடும். இடுப்பிலிருந்து தொடைவரை அடைத்துக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் முழுதாகத் தீர்க்க முடிவதில்லை. மிச்சம் தழும்பாகிச் சிரையின் சுவரோடு ஒட்டிப்போகும். ரத்தம் கீழே திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வுகளும் அதில் கெட்டுப்போகும்.

அதன் பிறகு நிற்க நிற்கக் கால் கனக்கும், மாலையானால் வீங்கும், கணுக்கால் பக்கம் தோல் கறுத்துத் தடிக்கும். மோசமானால் ஆறாத புண். போஸ்ட் த்ராம்போட்டிக் சிண்ட்ரோம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவது இதைத்தான், சுருக்கமாகப் பி.டி.எஸ். மருந்து எடுத்துக்கொண்டாலும், ஆழ்சிரையில் கட்டி வந்தவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்.

அப்படியானால் யாருக்கு எடுத்தால் பலன்?

முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடிவயிற்றுக்குள் ஓடும் இலியாக் சிரையும், கவட்டையில் அதோடு சேரும் பொதுத் தொடைச் சிரையும்தான் முக்கியமான இடங்கள். தொடையின் நடுவில் ஒரு சிரை அடைபட்டால் பக்கத்தில் உள்ள ஆழ்தொடைச் சிரை வழியாக ரத்தம் சுற்றிப் போய்விடும். கவட்டைக்கு மேல் அப்படி நல்ல மாற்று வழி கிடையாது. காலின் ரத்தம் எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் இந்த இடங்களைக் குறிக்கும் ‘இலியோஃபெமரல்’ என்ற சொல் இருந்தால்தான் எடுப்பதைப் பற்றிய பேச்சுக்கே இடம் என்பது என் கருத்து.

அடுத்தது நாள் கணக்கு. வீக்கம் தொடங்கி 14 நாளுக்குள் என்றால் நல்லது. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, கால் வீங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். புதுக் கட்டி இளநீர் வழுக்கை மாதிரி, வழித்தால் வந்துவிடும்; வாரங்கள் போகப் போக முற்றிய தேங்காய்ப் பருப்பாகச் சுவரோடு இறுகிவிடும். வீட்டில் ‘சுளுக்கு, தானாகச் சரியாகிவிடும்’ என்று பத்து நாள் களிம்பு தடவிவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

கடைசியாக, ஆள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், இன்னும் பல ஆண்டுகள் அந்தக் காலை நம்பி வாழ வேண்டியவர், ரத்தக் கசிவு ஆபத்து குறைவாக உள்ளவர் என்றால் யோசிக்கலாம். படுக்கையில் இருக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கு இதைச் செய்து என்ன கிடைக்கும் என்று நேராகவே கேட்டுவிடலாம். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கால் நீலமாகிவிட்டது. இதுவும் அதே கணக்குதானா?

இல்லை. கால் முழுக்கக் கல்லாக வீங்கி, நீலம் பாரித்து, தாங்க முடியாத வலி இருந்தால் நாள் கணக்கு, ஆய்வு, விவாதம் எதற்கும் நேரமில்லை. வெளியேற வழியில்லாத ரத்தத்தின் அழுத்தத்தால் உள்ளே வரும் ரத்தமும் நின்றுபோகும் நிலை அது. கால் அழுகவும் உயிர் போகவும் கூடும். உடனே பெரிய ஆஸ்பத்திரி. இங்கே கட்டியை எடுப்பதில் டாக்டர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்களே?

அவரவர்க்கு வேண்டிய பாதியைச் சொல்வதால்தான் அப்படித் தெரிகிறது. நார்வேயில் 209 பேரிடம் நடந்த கேவென்ட் ஆய்வு 2012இல் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 56 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டில் பி.டி.எஸ். வந்தது, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே கட்டியைக் கரைத்தவர்களில் 41 சதவீதம். ஐந்து ஆண்டு முடிவில் இடைவெளி இன்னும் கூடியது: 71க்கு 43. ஆனால் ‘வாழ்க்கை எப்படி இருக்கிறது’ என்று கேட்டபோது இரு குழுவினர் சொன்ன பதிலிலும் வித்தியாசம் இல்லை. இந்தப் பின்பாதியை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 692 பேரை வைத்து நடந்த அட்ராக்ட் ஆய்வு 2017 டிசம்பரில் வந்தபோது ஆரவாரம் அடங்கிப்போனது. பி.டி.எஸ். கட்டியை எடுத்தவர்களில் 47, மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். முதல் பத்து நாளில் பெரிய ரத்தக் கசிவோ, கட்டியை எடுத்த குழுவில் 1.7, மருந்துக் குழுவில் 0.3 சதவீதம். பலர் இதோடு பக்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் கடுமை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், நடுத்தரத்துக்கு மேற்பட்ட பி.டி.எஸ். 24இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. இலியோஃபெமரல் கட்டி உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 28க்கு 18. நெதர்லாந்தில் 152 பேரிடம், அல்ட்ராசவுண்ட் அலை சேர்ந்த கதீட்டரை வைத்துச் செய்த காவா ஆய்வு 2020இல் வந்தது: பி.டி.எஸ். மருந்துக் குழுவில் 35, எடுத்த குழுவில் 29 சதவீதம், நிச்சயமான வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு.

என் வாசிப்பு இது: எடுத்தால் நோயே வராது என்பது பொய். எடுத்துப் பயனே இல்லை என்பதும் பொய். இடுப்புச் சிரை அடைபட்டவர்களுக்குப் பின்னாளில் வரும் தொல்லையின் கடுமை குறைய வாய்ப்பு உண்டு. அதற்கு விலையாகக் கொஞ்சம் ரத்தக் கசிவு ஆபத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் இயந்திரக் கருவிகளுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாத பதிவேடுகள் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித்தான் எடுக்கிறார்கள்? வயிற்றைக் கிழிப்பார்களா?

கிழிப்பதில்லை. பெரும்பாலும் குப்புறப் படுக்க வைப்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே அங்குள்ள சிரையில் ஊசியை நுழைத்து, அதன் வழியே மெல்லிய கம்பியைக் கட்டிக்குள் செலுத்தி மேலே கொண்டுபோவார்கள். பிறகு ஷீத் எனப்படும் சிறு குழாய். அரைத்தூக்கத்துக்கு மருந்து தருவார்கள்; முழு மயக்கம் எல்லோருக்கும் தேவைப்படாது. சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் அடைப்பின் நீளத்தைப் பார்ப்பார்கள்.

இதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன. பழைய முறையில், பக்கவாட்டில் பல துளைகள் கொண்ட கதீட்டரைக் கட்டிக்குள்ளேயே விட்டுவைத்து, ஆல்டிபிளேஸ் அல்லது யூரோகினேஸ் போன்ற கரைப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஒரு நாள் அளவுக்கு, சில சமயம் அதற்கும் மேலாக, ஐ.சி.யூ.வில் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் அளவு இறங்கிவிட்டதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

இயந்திர முறைகள் இந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்தவை. ஆஞ்சியோஜெட் என்ற கருவி உப்புநீரை அதிவேகத்தில் பீய்ச்சும். அதனால் உண்டாகும் தாழ்வழுத்தம் கட்டியை உடைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதோடு கரைப்பு மருந்தையும் சேர்த்துத் தெளிக்கலாம். பெனம்ப்ரா நிறுவனத்தின் கருவி வெற்றிட பம்பு வைத்து உறிஞ்சுகிறது. கிளாட்ட்ரீவர் வேறு மாதிரி: நிக்கல்–டைட்டானியக் கலவையில் செய்த வளையம் சிரையின் சுவரைச் சுரண்டிக்கொண்டே வர, பின்னால் உள்ள வலைப்பை கட்டியை வாங்கிக்கொள்ளும். இதற்குக் கரைப்பு மருந்தே வேண்டாம், ஒரே அமர்வில் முடியும் என்பதுதான் இதன் கவர்ச்சி. அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ரத்தக் குழாய்க்குள் பலூன் கதீட்டர் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் யோசனையை 1963இல் உலகுக்குச் சொன்னவர் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்க சர்ஜன். அவர் செய்தது தமனிகளுக்கு. சிரைக்கு ஏற்ற கருவிகள் வந்து சேர அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின.

என்னென்ன ஆபத்து?

ரத்தக் கசிவுதான் முதல் கவலை. ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போவது சாதாரணம். குடலிலோ மூளையிலோ கசிவது அரிது, ஆனால் கரைப்பு மருந்து தந்தால் அந்தப் பயம் உண்டு. அதனால்தான் அண்மையில் பக்கவாதம், தலையில் அடி, பெரிய ஆபரேஷன், வயிற்றுப்புண் ரத்தக் கசிவு ஏதாவது இருந்ததா என்று துருவிக் கேட்பார்கள். பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஆஞ்சியோஜெட் போட்டபின் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். சிவப்பணுக்கள் உடைவதால் அப்படி, பயந்துபோகிறவர்கள் பலர். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு இது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுக்கும்போது துணுக்கு பிய்ந்து நுரையீரலுக்குப் போவது, எடுத்த இடத்தில் திரும்ப உறைவது, சாய மருந்து ஒவ்வாமை ஆகியவையும் பட்டியலில் உண்டு.

நுரையீரலுக்குப் போகாமல் வயிற்றில் வலை வைப்பார்களாமே?

அதன் பெயர் ஐ.வி.சி. ஃபில்டர், வயிற்றில் உள்ள பெருஞ்சிரைக்குள் வைக்கும் வலை. உறைதடுப்பு மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்கு வழக்கமாக வைப்பதில்லை. வைத்தால், எப்போது வெளியே எடுப்பார்கள் என்ற தேதியைக் கையோடு கேட்டு வாங்குங்கள். மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஃபில்டரே புதுக் கட்டிக்குக் காரணமாகும்.

கட்டி ஏன் பெரும்பாலும் இடது காலில்? ஸ்டென்ட் வேறு வைக்கவேண்டும் என்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரே விடை. இடது காலின் ரத்தத்தைக் கொண்டுவரும் இலியாக் சிரை, வலது காலுக்குப் போகும் தமனிக்கும் முதுகெலும்புக்கும் இடையில் நுழைந்து போக வேண்டியிருக்கிறது. தமனி ஓயாமல் துடித்து அழுத்துவதால் சிலருக்கு அந்த இடத்தில் சிரைக்குள் தழும்புப் படலம் உருவாகிறது. 1957இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களை ஆராய்ந்து 22 சதவீதத்தில் இந்த மாற்றத்தைக் கண்டார்கள். அதிலிருந்து மே–தர்னர் என்று பெயர். இத்தனை பேருக்கு இருந்தும் கட்டி வருவது சிலருக்குத்தான். பிரசவம், நீண்ட படுக்கை, கருத்தடை மாத்திரை போன்ற இன்னொரு காரணம் சேரும்போது அது பற்றிக்கொள்கிறது.

கட்டியை எடுத்தபின் அங்கே இறுக்கம் தெரிந்தால், அதை அப்படியே விட்டுவிட்டால் மறுபடி அடைக்கும். பலூன் மட்டும் போதாது. தமனியின் அழுத்தம் போகாதல்லவா. அதனால் ஸ்டென்ட். இதய ஸ்டென்டைவிட மிகப் பெரியது, 14 முதல் 16 மி.மீ. விட்டம். இறுக்கத்தை அளக்க, சிரைக்குள்ளிருந்தே பார்க்கும் ஐவஸ் என்ற அல்ட்ராசவுண்ட் உதவும். ஸ்டென்ட் என்பது ஆயுளுக்கும் உள்ளே இருக்கப்போகும் பொருள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு வைப்பதற்குமுன் ‘இறுக்கம் எத்தனை சதவீதம், எதை வைத்து அளந்தீர்கள்’ என்று கேட்பது நியாயமான கேள்வி.

கையில் ரத்தம் கட்டினால்?

கையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை மருந்து ஏற்றப் போட்ட குழாயால் வருபவை. அவற்றுக்கு மருந்தே போதும். ஜிம்மில் எடை தூக்கும், பந்து வீசும், நீந்தும் இளைஞர்களுக்குத் திடீரென ஒரு கை வீங்கி நீலமாவது தனி வகை. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் சிரை நசுங்குவது காரணம். 1875இல் பேஜட்டும் 1884இல் ஷ்ரோட்டரும் விவரித்தது. இவர்களுக்குச் சீக்கிரமே கட்டியைக் கரைத்து எடுத்துவிட்டு, பிறகு முதல் விலா எலும்பை ஆபரேஷனில் அகற்றுவது உண்டு. எலும்பு அங்கேயே இருக்கும்போது ஸ்டென்ட் வைக்கக் கூடாது, நசுங்கி உடையும்.

கட்டியை எடுத்தாயிற்று. மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. குறைந்தது மூன்று மாதம் மருந்து உண்டு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஆபரேஷன் போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்ததென்றால் அதோடு நிறுத்தலாம். காரணமே தெரியாமல் வந்தது, மறுபடி வந்தது, புற்றுநோய் உள்ளவர் என்றால் நீளும். ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆண்டிஃபாஸ்போலிபிட் கோளாறு உள்ளவர்களுக்கு, ரிவராக்சபான் போன்ற புது மாத்திரைகளைவிட வார்ஃபரினே ஏற்றது.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களிடம் ‘கீரையைத் தொடாதே’ என்று சொல்லிவிடுகிறார்கள். தேவையில்லை. முருங்கைக்கீரையும் மற்றக் கீரைகளும் வைட்டமின் கே கொண்டவை. ஒரு வாரம் தினமும், மறு வாரம் சுத்தமாக இல்லை என்று ஏற்றி இறக்குவதுதான், வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவைக் குலைக்கும். வழக்கமாகச் சாப்பிடும் அளவை அப்படியே சாப்பிடுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்கு. உறைதடுப்பு மருந்துகளோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். நாட்டு மருந்து சாப்பிடுவதாக இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நடக்கலாமா? எண்ணெய் தேய்த்து நீவலாமா?

நடக்கலாம், நடக்க வேண்டும். மருந்து தொடங்கியபின் காலைத் தூக்கி வைத்துப் படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். நீவ மட்டும் கூடாது. புதுக் கட்டி உள்ள காலைப் பிடித்து அமுக்கி உருவிவிடுவது, கட்டியை அங்கிருந்து கிளப்பி விடும் வேலை. இறுக்கமான காலுறை வீக்கத்துக்கும் கனத்துக்கும் இதமாக இருக்கும், ஆனால் பி.டி.எஸ். வராமல் தடுக்கும் என்ற நம்பிக்கையை 2014இல் வந்த சாக்ஸ் ஆய்வு உடைத்துவிட்டது. வெயில் காலத்தில் அதைப் போட முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கர்ப்பிணிக்கு வந்தால்?

ஹெப்பாரின் ஊசிதான் வழி, சீட்டில் எல்.எம்.டபிள்யூ.எச். என்று எழுதும் குறைந்த மூலக்கூறு எடை வகை. கட்டியை எடுக்க எக்ஸ்ரே வேண்டும், கரு வளரும்போது அதற்கு முன் படுக்க வைப்பதைத் தவிர்ப்பார்கள். கால் போய்விடும் என்ற நிலைக்குத்தான் விதிவிலக்கு. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் கட்டி வரும் வாய்ப்பு மிக அதிகமான காலம். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்து, எழ விடாமல் படுக்க வைப்பது இந்த விஷயத்தில் நேர்மாறான பத்தியம். தாய்ப்பால் கொடுப்பவர் ஹெப்பாரினும் வார்ஃபரினும் எடுக்கலாம். ரிவராக்சபான், அபிக்சபான் வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை.

செலவு?

ஊருக்கு ஊர் மாறும். கருவிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை. பில்லில் பெரும்பங்கு அவற்றுக்கே போகும். ஸ்டென்ட் சேர்ந்தால் இன்னும் ஏறும். உள்ளே போவதற்கு முன் கருவி, ஸ்டென்ட், ஐ.சி.யூ. என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், இன்ஷூரன்ஸ் முன் அனுமதியையும் அப்போதே கேளுங்கள். எல்லா ஊரிலும் எல்லாக் கருவியும் இருக்காது. இருக்கிற கருவியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் கிடைத்தால் அதற்கே போகலாம்.

எனக்குக் கட்டி வந்து ஆறு மாதமாகிறது. கால் இன்னும் வீங்குகிறது. இப்போது எடுக்கலாமா?

எடுப்பதற்கு அங்கே கட்டி இல்லை, இருப்பது தழும்பு. உறிஞ்சவும் கரைக்கவும் முடியாது. ஆனால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. அடைப்பு இலியாக் சிரையில் இருந்து, வீக்கமோ புண்ணோ நடமாட்டத்தையே கெடுக்கிறது என்றால், தழும்பினூடே கம்பியைச் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்து வழி திறக்கலாம். அதற்கு அவசரம் இல்லை; சிரைகளைக் காட்டும் சி.டி. வெனோகிராம் ஸ்கேன் எடுத்து, கவட்டையிலிருந்து மேலே வரும் ரத்த ஓட்டம் ஸ்டென்டைத் திறந்து வைத்திருக்கப் போதுமா என்று நிதானமாகப் பார்த்து முடிவு செய்வார்கள். கீழிருந்து ஓட்டம் போதாவிட்டால் ஸ்டென்ட் சீக்கிரமே அடைபடும். அவர்களுக்குக் காலுறையும் நடையும் புண் வராமல் தோலைக் காப்பதும்தான் வைத்தியம்.

அதே கால் திடீரென முன்பைவிட அதிகமாக வீங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பழையதன்மேல் புதிதாக உறைந்திருக்கலாம்; அதற்கு 14 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம் ஏதாவது சேர்ந்தால் ஸ்கேன் சென்டருக்கு அல்ல, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.